தர்மக் கம்பியில் தகரத்தாரின் கடிதம்

தகரத்தார் அந்தக் காலத்தில் பட்டறை வைக்கப் பெரிய கடை முதலாளியிடம் கடிதம் எழுதிக் கொடுத்து ஐநூறு ரூபாய் கடன் வாங்கினார், திருப்பித் தரவில்லை. இதை முதலிலேயே உடைத்துச் சொல்லிவிடுவது நல்லது.

தகரத்தார் டிரங்குப் பெட்டி செய்கிறவர். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். அவர் பெட்டி மேல் மூன்று ஆள் ஏறிக் குதித்தாலும் மூடி ஒரு நூல் நெளியாது. படித்தவன் எவனாவது அப்படி ஒன்று செய்து காட்டட்டும், பார்க்கலாம்! "எவன் முன்னாடியும் கை நீட்டாம மேலே வந்தவன் நான்" என்பார். தெருவுக்கே மனப்பாடம்.

ஆனால் தபால்காரர் சைக்கிள் மணி அடித்தால் அவர் சுத்தியல் நின்றுவிடும். பெரிய கடையிலிருந்து கடன்காரர்களுக்கெல்லாம் பாக்கி கேட்டு மாதாமாதம் கடிதம் போகும். இவருக்கு மட்டும் ஒன்றுகூட வரவில்லை. முதலாளியும் கண்ணை மூடினார். கேட்காததைக் கொடுப்பானேன் என்று இவரும் இருந்துவிட்டார்.

கடைசியில் கடிதம் வரவில்லை, ஆள் வந்தான். முதலாளியின் பேரன் கூப்பிடுகிறானாம்.

மனைவியையும் கூட்டிக்கொண்டு போனார். பெரிய கடையின் உள்ளறை முழுக்க நீளக் கம்பிகள் தொங்கின. ஒவ்வொன்றிலும் குத்திக் கோர்த்த பழைய கடிதங்கள். வெளிச்சம் ஜன்னலோடு நின்றுவிட்டது.

"தாத்தா பேர்ல புத்தகம் போடறோம் ஐயா. அவர் செஞ்ச தர்மமெல்லாம் வரும். உங்க கடிதமும் இருக்கு."

"தர்மமா? நான் வாங்கினது கடன், தம்பி!"

"இங்கே வியாபாரத்துக்கு ஒரு கம்பி, தர்மத்துக்கு ஒரு கம்பி. இந்த ஆள் திருப்பித் தரமாட்டான்னு தாத்தாவுக்குத் தோணிட்டா, கடிதத்தை உருவித் தர்மக் கம்பியில குத்திடுவார். அப்புறம் கேக்கவே மாட்டார்."

தகரத்தாருக்குக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. இடுப்பிலிருந்து நோட்டுக் கட்டை உருவி மேசையில் போட்டார். "வட்டியோட எடுத்துக்கோ. கடிதத்தை வியாபாரக் கம்பிக்கு மாத்து."

பேரன் பணத்தைத் தொடவில்லை. "மாத்தலாம். கடன்னா நீங்க எழுதின நிபந்தனையும் கூடவே வரும்." கடிதத்தைத் திருப்பிக் காட்டினான். தகரத்தாரின் கோணல் எழுத்துதான்: ஒரு வருஷத்தில் தீர்க்காவிட்டால் பட்டறையில் பாதி உங்களுக்கு.

"அது இன்னைக்கும் செல்லும்னு நீங்க கையெழுத்துப் போட்டா கடன். இல்லைன்னா தர்மம். உங்க இஷ்டம், ஐயா."

கையெழுத்துப் போட வேண்டிய தாள் ஏற்கெனவே தட்டச்சடித்துத் தயாராகக் கிடந்தது.

மனைவி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "ஏங்க, எழுந்திரிங்க. தர்மம்னே போடட்டும். அந்தப் புத்தகத்தை எவன் படிக்கப்போறான்? எலிதான் படிக்கும்."

"எனக்குத் தெரியுமேடி!"

"உங்களுக்குத் தெரிஞ்சா தூக்கம் போகும். பட்டறை போனா சோறு போகும்."

"பிச்சைக்காரன்னு அச்சுல வரச் சொல்றியா?"

பேனாவை வாங்கினார். போட்டார். பேரன் பழைய கடிதத்தை எடுத்து வியாபாரக் கம்பியில் குத்தினான். காகிதம் கிழியும் சத்தம் நன்றாகவே கேட்டது.

மறுவாரமே பேரனின் கணக்குப்பிள்ளை பட்டறைக் கல்லாவில் வந்து உட்கார்ந்தார். சாவியும் அவரிடம் போனது. மாதக் கடைசியில், ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்கக் கூப்பிட்டார்.

"வாங்க ஐயா, உங்க பாதி. கையை நீட்டுங்க."

தகரத்தார் அசையவில்லை. பட்டறையில் ஒரு சுத்தியலும் அடிக்கவில்லை.

"நீட்டுங்க ஐயா, எனக்கு வேற வேலை இருக்கு."

தகரம் கிழித்த தழும்புகளோடு அந்தக் கை மெல்ல விரிந்தது. கணக்குப்பிள்ளை விரலில் எச்சில் தொட்டு, ஒவ்வொரு நோட்டாக அதில் எண்ணி வைத்தார்.