பாதி வழியில் பிடிக்கப் போன பேச்சு

எங்கள் குடியிருப்பில் என் குரலைக் கேட்டவர்கள் குறைவு. லிஃப்டில் யாராவது ஏறினால் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். மயிலாப்பூரிலேயே இத்தனை வருஷம் இருந்தும், நவராத்திரிக்கு யார் வீட்டுக்குப் போனாலும் வெற்றிலை பாக்கை வாங்கிக்கொண்டு சிரித்துவிட்டு வந்துவிடுவேன். பாடச் சொன்னால் தொண்டை கட்டியிருக்கிறது என்பேன். அப்படிப்பட்டவளின் பேச்சு ஒரு சாயங்காலம் கட்டடம் முழுக்கக் கிளம்பிப் போனது. நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது.

திருவான்மியூரில் இருக்கும் என் தங்கைக்கு முட்டி வலி, வெளியே வருவதில்லை. அவளுக்குத் தினமும் போனில் பேசிப் பதிந்து அனுப்புவேன். அஞ்சாவதோடு பள்ளிக்கூடம் நின்றவள் நான். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். அதனால் போனில் பெயரைப் படிப்பதில்லை, படத்தைப் பார்த்துத்தான் ஆளைத் தெரிந்துகொள்வேன். தங்கை என்றால் அவள் வீட்டுக் குத்துவிளக்கு. குடியிருப்பு குரூப் என்றால் எங்கள் கேட். நவராத்திரி வந்ததும் தங்கை தன் கொலுப் படத்தை வைத்துக்கொண்டாள். அதே நாளில் குரூப்பிலும் யாரோ கேட்டை எடுத்துவிட்டுக் கொலுப் படத்தை வைத்திருக்கிறார்கள். எனக்கு அது தெரியாது.

வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுக்கிற ரவிக்கைத் துணியை எங்கள் பக்கத்தில் முக்கால்வாசிப் பேர் தைப்பதில்லை. பீரோவில் வைத்திருந்து, அடுத்து வருகிறவருக்குக் குங்குமம் கொடுத்து அதையே வைத்துக் கொடுப்பார்கள். அவர் இன்னொருவருக்குக் கொடுப்பார். மாடி வீட்டு மாமி அந்த வருஷம் எனக்கு ஒரு பச்சைத் துணி வைத்துக் கொடுத்திருந்தார்.

“மேலாத்து மாமி ஒரு பச்சைத் துணி குடுத்தா பாரு, உள்ள கையை விட்டா ரேகை தெரியறது. ரவிக்கை தைக்க ஆகாதுடி, மாவு வேணா சலிக்கலாம். உன் பொண்ணு வரட்டும், அவ தலையில கட்டிடறேன்” என்று தங்கைக்குப் போனில் பதிந்து, சிரித்துவிட்டு விரலை எடுத்தேன். தனியாக இருந்தால் எனக்கு வாய் நன்றாகத்தான் வரும்.

அப்புறம்தான் கவனித்தேன், நான் தொட்டிருந்த படத்தில் இருந்தது என் தங்கை வீட்டுக் கொலுப்படி இல்லை.

பேச்சுக்குப் பக்கத்தில் சின்னக் கடிகாரம் தெரிந்தது. கடிகாரம் என்றால் இன்னும் போகவில்லை, ஒரு டிக் என்றால் கிளம்பிவிட்டது, இரண்டு டிக் என்றால் சேர்ந்துவிட்டது என்று மருமகள் சொல்லிக் கொடுத்திருந்தாள். டிவிக்குக் கீழே விளக்குச் சிமிட்டிக்கொண்டிருக்கும் பெட்டி வழியாகத்தான் எல்லாம் போகிறது என்பதும் தெரியும். ஓடிப் போய் அதன் பிளக்கைப் பிடுங்கிவிட்டேன்.

ஆபீஸ் வேலையாக உள்ளே பேசிக்கொண்டிருந்த மருமகள், கழுத்தில் ஹெட்போனோடு வெளியே வந்தாள்.

“அம்மா, நெட் போயிடுத்து. மீட்டிங்ல பாதி வார்த்தையில நிக்கறேன்... ஏன் பிளக்கைக் கையில வெச்சுண்டு நிக்கறேள்?”

“ஒண்ணு போயிண்டிருக்கு. நடுவிலயே பிடிச்சுடலாம்னு.”

“எது போயிண்டிருக்கு?”

“என் பேச்சு. குரூப்புக்குப் போட்டுட்டேன்.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “குடுங்கோ, அழிச்சுடறேன்.”

நான் போனை மார்போடு அணைத்துக்கொண்டேன். என்ன பேசினேன் என்று அவள் கேட்டுவிடுவாளே என்ற பயம். கொடுக்காமல், “இதுக்குள்ள பாதி போயிருக்குமே, அந்தப் பாதி யார் காதுலயாவது விழுமா?” என்று கேட்டேன்.

“விழாதும்மா. உங்க பேச்சு ஒரே மூட்டையாப் போறதில்ல. துண்டு துண்டா நறுக்கி, ஒவ்வொண்ணு மேலயும் யாருக்கு, எத்தனாவது துண்டுன்னு எழுதி அனுப்பும். நடுவில இருக்கற மெஷின் எல்லாம் விலாசத்தைப் பார்த்து அடுத்த மெஷினுக்குத் தள்ளி விடும். பிரிச்சுப் பார்க்காது.”

“ரவிக்கைத் துணி மாதிரியா?” என்று வாயில் வந்துவிட்டது.

“அதேதான்! ஆனா உங்க ரவிக்கைத் துணி சுத்திண்டே இருக்கும், இது ஒரு ஆத்துல போய் நிக்கும். எல்லாத் துண்டும் வந்து வரிசையா சேர்ந்தாத்தான் அங்க பேச்சு. ஒண்ணு வரலைன்னாலும் இங்கேர்ந்து மறுபடி அனுப்பும். வந்துதுன்னு பதில் வர வரைக்கும் விடாது.”

“அதான் பிளக்கைப் பிடுங்கிட்டேனே.”

“அதனால என்ன? காத்துண்டிருக்கும். பாண்டி பஜார்ல கூட்டம்னா நாம பக்கத்துத் தெருவுல நுழைஞ்சு மாம்பலம் ஸ்டேஷன் போறதில்லையா? அது மாதிரி இன்னொரு வழி இருந்தா...” என்றவள் சட்டென்று நிறுத்தினாள். “உங்க போன்ல சிம் நெட் ஆன்ல இருக்கா?”

பார்த்தோம். கடிகாரத்தைக் காணோம். அந்த இடத்தில் டிக் நின்றது. பெட்டி வழியை நான் அடைத்ததும் சிம் வழியாகக் கிளம்பிவிட்டது. போனை உடனே கொடுத்திருந்தால் போயிருக்காது. என் வெட்கம்தான் அதை அனுப்பி வைத்தது.

மருமகள் எல்லாருக்கும் சேர்த்து அழித்தாள். ஆனால் ஏதோ அழிக்கப்பட்டது என்கிற வரி மட்டும் என் பெயரோடு அங்கேயே உட்கார்ந்திருந்தது. “யாரும் கேட்டிருக்க மாட்டா, விடுங்கோ” என்றாள். மாமி கேட்டாரா, கேட்கவில்லையா?

மறுநாள் பால் வாங்கப் போனபோது வாட்ச்மேன் சிரித்தார். “இன்னாம்மா, குரூப்புல பேசினியாமே! நான் போனை எடுக்கறதுக்குள்ள காணோம். இன்னொரு தபா பேசும்மா.” பாலை வாங்காமலே திரும்பி வந்தேன்.

சரஸ்வதி பூஜையன்று மாமி வீட்டில் கூப்பிட்டார்கள். போகாவிட்டால் என்னை நானே காட்டிக்கொடுத்த மாதிரி ஆகும். போனேன். கொலுவுக்கு எதிரே இரண்டு பெண்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். மாமி எனக்குக் குங்குமம் கொடுத்து, வெற்றிலை பாக்குத் தட்டை நீட்டினார். அதன்மேல் கடைக் கவர் பிரிக்காத அரக்குத் துணி ஒன்று. தொட்டாலே கனம் தெரிந்தது.

குனிந்து என் காதருகில் சொன்னார்: “இதுல மாவு சலிக்க முடியாது. தைச்சுத்தான் ஆகணும்.”

சிரித்துக்கொண்டு சொன்னாரா, கோபமாகச் சொன்னாரா, தெரியவில்லை. நான் நிமிரவே இல்லை. மன்னிச்சுக்கோங்கோ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தங்கையிடம் அவ்வளவு பேசின வாய் அங்கே திறக்கவில்லை.

துணி பீரோவில் கிடந்தது. வந்துதுன்னு பதில் வர வரைக்கும் விடாது என்று மருமகள் சொன்னது மட்டும் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. மாமி அனுப்பினது எனக்கு வந்து சேர்ந்துவிட்டது. பதில்தான் போகவில்லை. அதை இன்னொருவருக்கு வைத்துக் கொடுக்கவும் கை வரவில்லை. கடைசியில் தைக்கக் கொடுத்தேன்.

தைத்து வந்ததைப் போட்டுக்கொண்டு, கொஞ்சம் கறிவேப்பிலையை எடுத்துக்கொண்டு மாடி ஏறினேன். தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டுதான் போனேன். மாமி கறிவேப்பிலையை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, தலைப்பைக் கொஞ்சம் ஒதுக்கி ரவிக்கைக் கையைத் தொட்டுப் பார்த்தார்.

“கை பிடிக்கறாப்ல இருக்கே?”

“இல்லை மாமி. சரியாத்தான் இருக்கு” என்றேன்.

பிடித்துக்கொண்டுதான் இருந்தது. வீட்டுக்கு வந்தும் ராத்திரி வரை நான் அதைக் கழற்றவில்லை.