நேற்றைய தண்ணீர்

சுங்குவார்சத்திரத்தில் நாங்கள் குடியிருக்கும் மாடி வீட்டில் பன்னிரண்டு அறைகள், ஒரே ஒரு போர்வெல். எல்லாரும் கம்பெனி வேலைக்கு வந்த பெண்கள். காலையில் ஒருமுறை தொட்டி நிரம்பும். அன்று முழுவதற்கும் அதுதான். என் அறைத்தோழி இசக்கிசெல்விக்கு மோட்டார் சத்தம்தான் அலாரம்.

அவள் சாத்தான்குளத்துக்காரி. சின்ன வயதிலேயே குடத்தோடு தண்ணீர் லாரிக்கு வரிசையில் நின்றவள். அந்தப் பயம் இங்கேயும் கூடவே வந்துவிட்டது, பாவம். கட்டிலுக்கு அடியில் ஐந்து வாளி பிடித்து மூடி வைப்பாள். செலவாவது இரண்டுதான். மறுநாள் மிச்சத்தைப் பழைய தண்ணீர் என்று கொட்டிவிட்டுப் புதிதாகப் பிடிப்பாள். அவளை மட்டும் சொல்வானேன்? பன்னிரண்டு அறையும் அப்படித்தான். "போர்ல தண்ணி எறங்கிக்கினே போவுது, பாத்துப் புடிங்கம்மா" என்று வீட்டுக்கார அம்சவல்லியம்மா சொன்ன அன்றே ஆளுக்கொரு வாளி கூடுதலாக வாங்கினோம். அத்தனை புத்திசாலிகள்!

கீழ் அறை ஷெர்லினுக்கு நைட் ஷிப்ட். சாத்தான்குளத்துக்குப் பக்கத்து நாசரேத் பெண். ஊர்ப் பேச்சுப் பேச இசக்கிக்கு இருந்த ஒரே ஆள். போன மே மாதம் அவள் சொன்னாள்:

"ஏட்டி, நான் ஒரகடத்துக்கு ரூம் மாத்தப் போறேன். வேல முடிஞ்சு வந்தா குளிக்கச் சொட்டுத் தண்ணி இல்ல. எத்தன நாளைக்கு இப்பிடியே படுக்க?"

இசக்கி அன்று சாப்பிடவில்லை.

மறுநாள் காலையில் வாளியைக் கவிழ்க்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். பிறகு மூன்று வாளியையும் ஒவ்வொன்றாகப் படியிறக்கி ஷெர்லின் வாசலில் வைத்தாள். நானும் ஒரு கை கொடுத்தேன்.

ஏழரைக்கு வந்த ஷெர்லின் திகைத்துப் போனாள். "ஏதுட்டி இவ்ளோ தண்ணி?"

"ஒனக்கு வர வேண்டியதுதான். தெனமும் நான் கொட்டிட்டு இருந்தேன்." சொல்லும்போதே இசக்கிக்கு அழுகை வந்துவிட்டது. ஷெர்லின் அவளைக் கட்டிக்கொண்டாள்.

"சரி, ரெண்டு நாள் பாப்போம்" என்றாள்.

அடுத்த நாள் இசக்கி இரண்டே வாளி பிடித்தாள். மீதி தொட்டியில் ஷெர்லினுக்கு நிற்கும் என்று நம்பினாள். ஏழரைக்கு ஷெர்லின் குழாயைத் திறந்தபோது காற்றுதான் வந்தது. எனக்கு அன்று லீவு, துவைக்கத் துணி நிறையக் கிடந்தது. இசக்கி தொட்டியில் விட்டுவைத்த மூன்று வாளித் தண்ணீரையும் நான்தான் பிடித்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஷெர்லினை ஒரகடம் பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்த இசக்கி, எனக்கும் சேர்த்துச் சோறு போட்டாள். ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம்.