ஒருநாள் விட்டு ஒருநாள்

லிமா நகரத்து மேட்டில் இருக்கும் யூசெபியாவின் வீட்டுக்குத் தினமும் காலையில் ஏறுவது என் வேலை. மாத்திரையைக் கையில் கொடுத்து, அவள் விழுங்குவதைப் பார்த்துவிட்டு இறங்க வேண்டும். பழைய மருந்து எதற்கும் அடங்காத காசநோய் அவளுக்கு. புது மருந்தைச் சோதிக்கும் ஆய்வில் சேர்த்திருந்தோம்.

நோய் வருவதற்கு முன் அந்தத் தெருக்காரர்கள் எல்லோருக்குமாகச் சேர்ந்து பொங்கும் பொதுச் சமையலில் கரண்டி அவள் கையில்தான். சூப் குறைந்தால் தண்ணீரைச் சேர்த்தாவது கடைசி ஆள் வரைக்கும் ஊற்றுவாள். வாய்தான் பொல்லாதது, மனசு தங்கம்.

மருந்து நன்றாகவே கேட்டது. இருமல் அடங்கியது, சளியில் கிருமியும் குறைந்தது. பிறகு திடீரென்று கிருமி ஏற ஆரம்பித்தது. ரத்தத்தைச் சோதித்தால் இருக்க வேண்டிய அளவு மருந்து இல்லை. அரைகுறை மருந்தில் தப்பிய கிருமி இதற்கும் பழகிவிட்டால், அவளுக்குக் கொடுக்க எங்களிடம் வேறொன்றும் கிடையாது.

மறுநாள் விழுங்கியதும், "வாயத் திற," என்றேன். மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். அதட்டியதும் கடைவாயிலிருந்து மாத்திரையை எடுத்தாள்.

"டெல்ஃபினாவுக்கு, நர்சம்மா. ஒருநாள் எனக்கு, ஒருநாள் அவளுக்கு. அவளுக்கும் இதே நோய்தான? இதயம் சரியில்லன்னு நீங்க அவளச் சேத்துக்கல."

"இது என்ன சூப்பா, பங்கு போட? பாதி மருந்துல உனக்கு நோய் முத்தும், அவ இதயம் இந்த மருந்தத் தாங்காது. ரெண்டு பேரும் போய்ச் சேருவீங்கடி!"

"பக்கத்து வீட்டுல அவ இருமிக்கிட்டுக் கெடக்கா. எனக்கு மட்டும் எப்படித் தொண்டையில எறங்கும்?"

கோபத்தோடு டெல்ஃபினாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். ஆஸ்பத்திரியில் கூடுதலாகத் தருகிறார்கள் என்று யூசெபியா சொன்னதை அவள் அப்படியே நம்பியிருக்கிறாள், பாவம். கேட்டதும் முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி என்னோடு வந்தாள்.

"என்னக் கேட்டியாடி நீ?" என்று வாசலிலிருந்தே கத்தினாள். "எம்பொண்ணு ரோசெலுக்கு ஞானத்தாயா உன்ன எதுக்கு நிக்க வெச்சேன்? நான் போனப்புறம் எம்புள்ளைக்கு நீதான்னு நெனச்சிருக்கேன். நீயும் செத்தா அவ எங்கடி போவா?"

யூசெபியா அழுதாள். "உனக்கு என்னடி வழி?"

"என் வழிய டாக்டரம்மா பாக்கட்டும். நீ முழுங்கு."

புது மாத்திரை ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். டெல்ஃபினா மூச்சு வாங்கியபடி அங்கேயே நின்றாள், அது தொண்டையில் இறங்குகிற வரைக்கும்.