கோர்ட்டு கலையும் வரை

லைசென்ஸ் என்பது ரேஷன் கார்டு மாதிரி, குடும்பத்துக்கு ஒன்று இருந்தால் போதும் என்று நான் நெடுநாள் நினைத்திருந்தேன். சிரிக்க வேண்டாம். பிறந்த வீடும் புகுந்த வீடும் லாரிக்காரர்கள் வீடு. லைசென்ஸ் ஆண்களின் சட்டைப் பையில் இருக்கும், அவ்வளவுதான் தெரியும். மோகனூர்ப் பக்கம் கரும்பு வண்டிகள் நிற்கும் காலி இடத்தில் எனக்கு மொபெட் ஓட்டப் பழக்கியது என் வீட்டுக்காரர்தான். லைசென்ஸ் வேண்டாமா என்று அன்றைக்கே கேட்டேன்.

"என்ற ஹெவி லைசென்ஸ் இருக்குதல்ல, இந்தச் சின்ன வண்டிக்குத் தனியா ஒண்ணு எதுக்கு?" என்றார்.

லாரி ஓட்டுகிறவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். அவர் லோடு ஏற்றி வடக்கே போனால் திரும்பிவர வாரக்கணக்காகும். சொசைட்டிக்குப் பால் ஊற்றுவதும் பிள்ளைகளைப் பஸ் ஏற்றுவதும் அந்த மொபெட்டில்தான்.

அப்படி ஒருநாள் பாலை ஊற்றிவிட்டுத் திரும்பும்போது பின்னால் வந்த பைக் என்மேல் மோதியது. நான் ஓரமாகத்தான் போய்க்கொண்டிருந்தேன். பைக் ஓட்டியவருக்குக் கை முறிந்தது, எனக்கு முழங்கையில் சிராய்ப்பு. போலீஸ் வந்து லைசென்ஸ் கேட்டது. இருக்குதுங்க என்று போனில் இருந்த வீட்டுக்காரர் லைசென்ஸின் படத்தைக் காட்டினேன். ஏட்டு படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"மீசை எங்கம்மா?" என்றார்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்றுதான் ஞாபகம். யார் யார்மேல் மோதியது என்ற பேச்சு அத்தோடு ஓய்ந்துபோனது.

லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியதற்கு என்மேல் ஒரு வழக்கு, வண்டியை ஓட்டக் கொடுத்ததற்கு வீட்டுக்காரர்மேல் ஒன்று. சட்டப்படி மூன்று மாதம் வரை ஜெயில் போடலாம், ஆனால் போட மாட்டார்கள் என்றார் வக்கீல். வீட்டுக்காரர் முகம் வெளுத்துவிட்டது. கேஸ் உள்ள டிரைவரை முதலாளி வைத்துக்கொள்ள மாட்டார், ஹெவி லைசென்ஸைப் புதுப்பிக்கும் நேரம் வேறு. அது போனால் எங்களுக்கு அடுப்பு எரியாது. அவருக்குத் தெரியாமல் வண்டியை எடுத்தேன் என்று நான் சொன்னால் அவர் தப்பிக்கலாம், சம்பவத்தன்று அவர் ஊரிலேயே இல்லையே என்று வக்கீல் மெதுவாகச் சொன்னார். இவர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லிப்போடு சாமி," என்றார் கடைசியில்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என்னைச் சாமி என்று கூப்பிட்டதில்லை.

நாமக்கல் கோர்ட்டில் அப்படியே சொன்னேன். அவர்மேல் இருந்த வழக்கு போயிற்று. எனக்கு அபராதமும், கோர்ட்டு கலையும் வரை தண்டனையும். அதாவது, அன்றைக்குக் கோர்ட்டு முடியும் வரை அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும். அவர் அபராதத்தைக் கட்டிவிட்டு, சாயங்காலம் வருவதாகச் சொல்லிப் போனார். நான் பின்பெஞ்சில் உட்கார்ந்தேன். அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. கோபமும் இல்லை. பல்லுக்கு ஊசி போட்ட பிறகு கன்னம் இருப்பது போல இருந்தது. யார் யாரையோ கூப்பிட்டார்கள், வந்தார்கள், போனார்கள். மத்தியானம் நீதிபதி எழுந்ததும் கலைந்துவிட்டது என்று நானும் எழுந்தேன். அவர் சாப்பிடப் போகிறார், உட்காரும்மா என்றார் பெண் போலீஸ். உட்கார்ந்தேன். எனக்குப் பசிக்கவும் இல்லை.

சாயங்காலம் ஒருவழியாகக் கோர்ட்டு கலைந்தது. வெளியே என் நாத்தனார் வீட்டுக்காரரோடு இவர் மொபெட் அருகில் நின்றிருந்தார். என்னதான் மாப்பிள்ளை நடந்தது என்று அவர் கேட்டார்.

"எனக்குத் தெரியாம எடுத்துட்டுப் போயிட்டாளுங்க. தெரிஞ்சிருந்தா உட்டிருப்பனா?" என்றார் இவர்.

கோர்ட்டு வாசல், யார் காதிலாவது விழும், அதனால் சொல்கிறார் என்று நினைத்தேன். கண்ணைக் காட்டுவார் என்று முகத்தைப் பார்த்தேன். உண்மையாகவே வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து, வாசலில் ஒருவரும் இல்லாதபோதும் அதையே சொன்னார்.

"ஒரு வார்த்தை எங்கிட்டக் கேட்டிருக்கலாமல்ல?"

கேட்டிருக்கலாமுங்க என்று சொல்லிவிட்டு, பால் கறக்கப் போனேன்.