தோல் சீட்டுக்குச் சுறா எண்ணெய்

கனி பாய் சொன்ன சுறா எண்ணெய்க் கதையை நான் பல வருஷமாக நம்பவில்லை. அடியோடு தள்ளவும் முடியவில்லை. கார் குஷன் வேலையில் இது ஒரு தொல்லை. எவராவது எதையோ பூசித் தோலைப் பளபளக்க வைத்தேன் என்று சொல்லிவிட்டால் போதும், நமக்குத் தெரியாத ஏதோ ஒன்று அதில் இருக்குமோ என்று மனசு அரிக்க ஆரம்பித்துவிடும்.

தோல் சீட் போட்ட பழைய காரை வைத்துக்கொண்டு அவதிப்படுகிற உங்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பழவேற்காட்டில் ஒரு பக்கம் கடல், மறு பக்கம் ஏரி. உப்புக் காற்று இரும்பைத் தின்னும் என்று எல்லோருக்கும் தெரியும். தோலையும் தின்னும் என்று நமக்குத்தான் தெரியும். முதலில் நிறம் மங்கும். பிறகு ஏறி இறங்கும் ஓரத்தில் மயிரிழை போல விரிசல் விழும். ஒருநாள் பார்த்தால் குதிகால் வெடிப்பு மாதிரி பிளந்து கிடக்கும்.

கனி பாய் எங்கள் ஊர்க்காரர். சென்னையில் ஒரே முதலாளிக்குக் கடைசிவரை கார் ஓட்டிவிட்டு ஊருக்குத் திரும்பியவர். அந்தக் காரின் தோல் சீட்டில் ஒரு விரிசல்கூட விழவில்லையாம். ஊருக்கு வந்து போகும்போதெல்லாம், மரப்படகுக்குப் பூசுகிற சுறா எண்ணெயை ஒரு பாட்டிலில் எடுத்துப் போய், துணியில் தொட்டுத் தேய்ப்பாராம். நாறாதா என்று கேட்டால் நெஞ்சில் கை வைப்பார். “மொதலாளி ஒருநாளும் வாடைனு ஒரு வார்த்த சொன்னதில்ல தம்பி.”

யார் விட்டுப் போனது

டச்சுக் கல்லறைக்குப் போகும் வழியில் என் கடை. ஒருமுறை, தோலை உரித்துவிட்ட சீட் ஒன்றை ஸ்பிரிங்கும் கம்பியுமாக வாசலில் சாய்த்து வைத்திருந்தேன். கல்லறை வாசலில் செதுக்கியிருக்கும் எலும்புக்கூடுகளைப் பார்த்துவிட்டு வந்த ஒரு குடும்பம் அதன் முன்னால் நின்றது. போட்டோவும் எடுத்துக்கொண்டது.

“இதுவும் டச்சுக்காரங்க விட்டுட்டுப் போனதுங்களா?” என்று அந்த அம்மா கேட்டார். என்ன பதில் சொல்வது என்று நான் யோசிப்பதற்குள், பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த காட்டூர் வாத்தியார், அந்த சீட் இருந்த காருக்குச் சொந்தக்காரர், முந்திக்கொண்டார். “இல்லம்மா, என் மாமனார் விட்டுட்டுப் போனது.”

சளி

எளாவூர்ப் பக்கத்திலிருந்து ஒரு கருவாட்டு வியாபாரி வந்தார். பின் சீட் உப்பேறி அட்டை மாதிரி விறைத்திருந்தது. கதவைத் திறந்ததும் நான் தானாகப் பின்வாங்கினேன். மூட்டைகளை அந்த சீட்டில்தான் போட்டுக்கொண்டு போகிறார் என்பதை அவர் சொல்லவே வேண்டியதில்லை. தோலுக்கு மருந்து போடுவதற்கு முன்னால் வாடையை எடுக்க வேண்டும் என்றேன்.

“இன்னா வாடை?” என்றார். தலையை உள்ளே விட்டு நன்றாக மூச்சை இழுத்தார். இன்னொரு தடவையும் இழுத்தார். பிறகு வெளியே வந்தார். என்னைப் பார்த்த பார்வையில் நிஜமான இரக்கம் இருந்தது. கோளாறு என் மூக்கில்தானோ என்று எனக்கே தோன்றிவிட்டது. அவர் என் தோளைத் தட்டிச் சொன்னார்: “உனுக்குச் சளி புட்ச்சிகினு கீது நைனா. போய் ஆவி புடி.”

படகுக்குக் கொடுப்பது போல

தாஸ் லைட்ஹவுஸ் குப்பத்துக்காரர். தோள்பட்டை போய்விட்டதால் வலை இழுக்க முடியவில்லை. படகை விற்று, ஒரு பழைய பெரிய காரை வாங்கினார். வெளியே வெள்ளை, உள்ளே பழுப்புத் தோல். கல்யாணங்களுக்கு வாடகைக்கு விட்டுப் பிழைத்துக்கொள்ளலாம் என்பது அவர் எண்ணம். முதல் சவாரி பொன்னேரியில் ஒரு கல்யாணம், மாப்பிள்ளைக்குக் கார். அதில் பேர் கெட்டால் அப்புறம் ஒருவரும் கூப்பிட மாட்டார்கள். திரும்பிப் போகப் படகும் இல்லை.

கல்யாணத்துக்குக் கொஞ்ச நாள் முன்பு, எல்லாக் கண்ணாடியையும் இறக்கிவிட்டு, தலையை வெளியே நீட்டியபடி காரை ஓட்டிக்கொண்டு கடைக்கு வந்தார். கார் நின்றதும், எதிர்வீட்டுப் படியில் படுத்திருந்த பூனை எழுந்து வந்து டயர் ஓரமாக உட்கார்ந்தது.

“இன்னா தாஸு பூசின?”

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “படகு வித்தப்போ எண்ணெ டப்பா ஒண்ணு மிஞ்சிச்சு. கனி பாய் துணில தொட்டுத் தேய்னாரு. நான் ப்ரஷ்ல ரெண்டு கோட்டிங் குட்த்துட்டேண்ணா. படகுக்கு அப்டித்தான குடுப்போம்?”

மேலே தேய்த்த வரை

சீட்டைத் தொட்டுப் பார்த்தவனுக்கு வாடையைவிடப் பெரிய அதிர்ச்சி காத்திருந்தது. தோல் இளகியிருந்தது. சின்ன விரிசல்கள் மூடிக்கொண்டிருந்தன. கனி பாய் சொன்னதில் பாதி உண்மை. அப்படியானால் நாறாது என்ற மீதிப் பாதி? இத்தனை வருஷமாக ஒரு நல்ல வைத்தியத்தைச் சந்தேகப்பட்டே வீணடித்துவிட்டேனா?

யோசிக்க நேரமில்லை. சோப்பு நுரை, வினிகர் கலந்த தண்ணீர், சாக்பீஸ் தூள் என்று ஒன்றன்பின் ஒன்றாகத் தேய்த்தேன். காலையில் முகர்ந்தால் ஒன்றுமே இருக்காது. கதவை மூடி வெயிலில் நிறுத்தினால், மத்தியானம் சுறா திரும்பி வந்துவிடும். தாஸ் தினமும் வந்து தலையை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டுப் போவார். ஒருநாள் கேட்டுவிட்டார்: “எனக்கே நாறுதுன்னா, பொன்னேரிக்காரனுக்கு எப்டிண்ணா நாறும்?”

உள்ளே இருந்தது

என் கடையில் தையல் மெஷினில் உட்காருகிறவர் சுலோச்சனா. நான் நாலாவது தடவையாகச் சோப்பைக் கரைப்பதைப் பார்த்துவிட்டு, கத்தரியை எடுத்து வந்து சீட்டின் தையலைப் பிரித்தார். எண்ணெய் விரிசல் வழியாகவும் தையல் ஓட்டை வழியாகவும் இறங்கி, உள்ளே இருந்த ஃபோம் முழுக்க மஞ்சளாக ஊறிக் கிடந்தது. தோலை நான் எத்தனை தேய்த்து என்ன?

ஃபோமைத் தூக்கி எறிந்தோம். தோலின் பின்பக்கத்தைக் கழுவி நிழலில் உலர்த்தினோம். பெரிய பிளவுகளுக்கு அடியில் துணி ஒட்டி, பேஸ்ட் நிரப்பி, நிறம் கொடுத்தேன். புது ஓட்டை விழாமல் பழைய ஓட்டைகளிலேயே ஊசியை விட்டு சுலோச்சனா தைத்தார். மிச்சம் மீதி இருந்தால் இழுத்துக்கொள்ளட்டும் என்று, காப்பித் தூளைச் சின்னத் துணிமுடிச்சுகளாகக் கட்டி சீட்டுக்கு அடியில் வைத்தேன். இது ஏன் எனக்குத் தோன்றவில்லை என்று நான் வாய்விட்டுப் புலம்பியபோது, மெஷினை நிறுத்தாமலே அவர் சொன்னார்: “சட்டைய மட்டும் தோச்சுப் போட்டுகினு குளிக்காம வந்தா நாறாதா இன்னா?”

பொன்னேரி

கல்யாணத்தன்று எனக்கு வேலை ஓடவில்லை. போட்ட தையலையே பிரித்துப் பிரித்துப் போட்டேன். வாடை போய்விட்டதா, அல்லது முகர்ந்து முகர்ந்து என் மூக்குக்குப் பழகிவிட்டதா? கருவாட்டு வியாபாரியின் முகம் கண்ணுக்குள்ளேயே நின்றது.

மத்தியானம் தாஸின் கார் திரும்பி வந்தது. எல்லாக் கண்ணாடியும் ஏற்றியிருந்தது. எதிர்வீட்டுப் பூனை படியைவிட்டு எழுந்திருக்கவில்லை. தாஸ் இறங்கி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். மாப்பிள்ளையின் அத்தை, அடுத்த முகூர்த்தத்தில் வரும் தன் மகள் கல்யாணத்துக்கும் இதே காரைப் பேசிவிட்டாராம். காரில் உட்கார்ந்ததும் அந்த அம்மா சொன்ன ஒரே குறை: “இதுல ஏறுனதுலேர்ந்து ஒரு வாய் காப்பி குடிக்கணும்னே இருக்குதுப்பா.”

கடைசியில்

சாயங்காலம் டீக்கடையில் கனி பாயைப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னேன். “தொட்டுத் தேய்க்கச் சொன்னேன், குளிப்பாட்டவா சொன்னேன்?” என்று தாஸைத் திட்டிவிட்டு, மறுபடியும் நெஞ்சில் கை வைத்து, முதலாளி ஒருநாளும் வாடை என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை என்றார். தோலைப் பற்றியும் எண்ணெயைப் பற்றியுமே இத்தனை வருஷம் மண்டையைக் குடைந்துகொண்ட நான், சந்தேகப்பட்டிருக்க வேண்டியது மூக்கைத்தான் என்று தெளிந்து, முதல் நாளே கேட்டிருக்க வேண்டியதை அன்றுதான் கேட்டேன்: “அதெல்லாம் சரி பாய், உங்க மொதலாளிக்கு இன்னா யாவாரம், கருவாடா?”