சங்க ஆபீசுக்கு வந்த கம்ப்யூட்டர்

மன்னார்குடியில் குத்தகை விவசாயிகள் சங்கத்து ஆபீசை முப்பது வருஷத்துக்கும் மேலாகத் திறந்து மூடியவர் இராஜாங்கம். பண்ணையாள் மகன். எழுபதுகளில், உச்சவரம்புக்கு மேல் பண்ணையார்கள் வைத்திருந்த மிச்சநிலத்தில் இறங்கிய போராட்டத்தில் பிடிபட்டுத் திருச்சி ஜெயிலில் ஏழு மாதம் கிடந்தார். இனி எந்த நிலத்திலும் இறங்கமாட்டேன் என்று எழுதிக்கொடுத்தவர்களை முன்னதாகவே விட்டுவிட்டார்கள். இவர் எழுதிக்கொடுக்கவில்லை. எழுதப் படிக்கக் கற்றதே அந்த ஜெயிலில்தான். கற்ற எழுத்தை முதன்முதலில் அதற்கா செலவழிப்பது என்று இருந்துவிட்டார்.

இரண்டாயிரத்து மூன்றில், மேட்டூர்த் தண்ணீர் வராமல் இரண்டாவது வருஷமாகக் குறுவை போயிற்று. குத்தகை நெல் அளக்கவில்லை என்று சொல்லி, உழுதவர்களை நிலத்தைவிட்டு எழுப்புவது ஊருக்கு ஊர் நடந்தது. எந்த சர்வே எண்ணில் யார் எத்தனை வருஷமாக உழுகிறார்கள் என்று தொகுத்துக் கொடுத்தால்தான் தாசில்தாரிடம் குத்தகைப் பதிவு கிடைக்கும். அந்த வேலைக்குக் கம்ப்யூட்டர் வாங்கச் சங்கம் முடிவு செய்து, பொறுப்பை இராஜாங்கத்திடம் விட்டது.

செயலாளர் பஞ்சநதம் வக்கீல். இவரைவிடப் பதினைந்து வயது இளையவர். "கம்பெனி செட்டாவே எடுத்துடுங்க தோழர். நாளைக்கு யாரும் ஒரு சொல் சொல்லக் கூடாது பாருங்க" என்றார்.

சங்கத்தில் டைப் அடிக்கும் செவ்வந்தியை அழைத்துக்கொண்டு தஞ்சாவூர் ஷோரூமுக்குப் போனார் இராஜாங்கம்.

"ரிப்பேர் ஆச்சுன்னா?"

"கம்பெனி இஞ்சினியர் வருவார் சார். நீங்க திறக்கக் கூடாது. இந்த சீல் கிழிஞ்சா வாரண்டி போயிடும்."

"எங்க காசுல வாங்குன பெட்டிய நாங்களே திறக்கக் கூடாதா?"

விற்பனைக்கார இளைஞன் செவ்வந்தியைப் பார்த்துச் சிரித்தான். இராஜாங்கத்துக்கு அந்தச் சிரிப்பும் பிடிக்கவில்லை, சீலும் பிடிக்கவில்லை.

மறுநாள் கூத்தாநல்லூர் போனார். பக்கீர் முகம்மது சிங்கப்பூரில் கம்ப்யூட்டர் ரிப்பேர் வேலை பார்த்துவிட்டு வந்து கடை வைத்திருந்தவர். "கம்பெனி பெட்டிக்குள்ளயும் இதே சாமான்தாண்ணே. நானே வந்து மாட்டித் தரேன், ஏதாவதுன்னா அடுத்த பஸ்ஸுல வந்து நிப்பேன். ஆனா யூபிஎஸ் இல்லாம ஓட்டாதீங்க. பம்புசெட்டெல்லாம் நின்னா உங்க ஊருல கரண்டு எகிறும்" என்றார்.

ஆபீஸ் மேஜையில் பழைய போஸ்டர் ஒன்றை விரித்து அதன்மேல் பக்கீர் முகம்மது ஒவ்வொன்றாக எடுத்து வைத்தபோது, இராஜாங்கம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். மதர்போர்டு, ராம், ஹார்ட் டிஸ்க் என்று பேர் கேட்டு மனப்பாடம் செய்தார். கடைசித் திருகை அவரே முடுக்கினார். பழைய டைப்ரைட்டர் வரிசையிலேயே தமிழ் எழுத்து விழும்படி பாய் செய்து கொடுத்ததில் செவ்வந்திக்குப் பெரிய நிம்மதி.

யூபிஎஸ்ஸுக்கு ஒதுக்கிய பணத்தில் திருவாரூர் கலெக்டர் ஆபீஸ் ஆர்ப்பாட்டத்துக்கு இரண்டு வேன் பிடித்தார் இராஜாங்கம். அடுத்த மாதம் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தார். அடுத்த மாதமும் ஆர்ப்பாட்டம் இருந்தது.

ஆபீசுக்கு வந்தவர்கள் சொல்லச் சொல்லச் செவ்வந்தி நேரே அடித்ததில், ஐந்து மாதத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குத்தகைக்காரர்களின் விவரம் ஏறிவிட்டது. எல்லாம் முடிந்ததும் மொத்தமாகப் பிரிண்ட் எடுக்கலாம் என்று பஞ்சநதம் சொல்லியிருந்தார். ஒரு மத்தியானம் டியூப்லைட் பளீரென்று எரிந்து அடங்கியது. பெட்டியிலிருந்து கருகல் வாடை வந்தது. ஓடிவந்த பக்கீர் முகம்மது ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

தாசில்தார் விசாரணைக்கு எட்டு நாள்தான் இருந்தது. இராஜாங்கம் சைக்கிளில் ஊர் ஊராகப் போய்த் திரும்ப எழுதினார். முந்நூறு பேரைத்தான் பிடிக்க முடிந்தது. மற்ற மனுக்கள் போதிய விவரம் இல்லை என்று திரும்பி வந்தன. தை பிறப்பதற்குள் பதினேழு குடும்பங்கள் நிலத்தை இழந்தன.

கமிட்டி கூடியது. யூபிஎஸ் வாங்காமல் விட்டது தன் தப்பு என்று இராஜாங்கம் எழுந்து சொல்ல ஆரம்பித்தார்.

"அத அப்பறம் பேசுவோம். கம்பெனி செட்டு எடுங்கன்னு சொல்லியும் பாய் கடைக்கு ஏன் போனீங்க? அங்க உங்களுக்கு என்ன கெடச்சுது?" என்றார் பஞ்சநதம்.

பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். திருவாரூருக்கு அந்த வேனில் வந்தவர்கள்தான் அத்தனை பேரும். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

எழுத்துமூலம் விளக்கம் கேட்டார்கள். போலீசுக்கு எழுதிக்கொடுக்காத மனுஷன் சங்கத்துக்கு நாலு வரி எழுதிக் கொடுத்தார். பதில் ஒரு மாதம் கழித்து வந்தது. குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை என்பது முதல் வரி. பொறுப்பிலிருந்து விடுவிக்கப்படுகிறார் என்பது இரண்டாவது வரி.

"மொத வரி நெசம்னா ரெண்டாவது வரி எதுக்குங்க?" என்று கேட்டாள் மனைவி கண்ணாத்தாள். அவர் கீழப்பாலத்து உரக்கடையில் மூட்டைக்குச் சீட்டு எழுதும் வேலைக்குப் போனார்.

அடுத்த வருஷம் செவ்வந்தி கடைக்கு வந்தாள். சங்கத்தில் பிறகு வாங்கிய கம்பெனி கம்ப்யூட்டரும் படுத்துவிட்டதாம்.

"யாரை விளக்கம் கேட்டாங்க?"

"யாரையும் கேக்கல தோழர். கம்பெனிக்காரன் வந்து வாரண்டில புது டிஸ்க் போட்டுட்டுப் போயிட்டான். காசு வாங்கலன்னு எல்லாருக்கும் சந்தோஷம்."

"உள்ள இருந்த விவரம்?"

"அது போச்சு."

அவர் சீட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே இருந்தார். செவ்வந்தி சற்று நின்றுவிட்டுப் போய்விட்டாள்.

அந்தக் கடையில் மூட்டை தூக்கியவர்களில் மருதையனும் ஒருவர். நிலம் போன பதினேழு பேரில் ஒருவர். ஒரு வருஷமாக இராஜாங்கத்தின் கையிலிருந்து சீட்டு வாங்குவார், முகம் பார்க்கமாட்டார். அன்றைக்குக் கடையில் வேறு யாரும் இல்லை. இராஜாங்கம் அவரை உட்காரச் சொன்னார். கரண்டு எகிறியதையும், யூபிஎஸ் காசில் வேன் பிடித்ததையும், பாய் படித்துப் படித்துச் சொல்லியும் தான் கேட்காததையும் ஒன்று விடாமல் சொன்னார். "என் தப்புதான் மருதையா. ஆனா தப்பு அது மட்டுந்தான்" என்றார்.

மருதையன் தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அந்த மிசினு சமாச்சாரமெல்லாம் எனக்குப் புரியாதுங்க. பாய் எவ்வளவு குடுத்தாரு, அத மட்டும் சொல்லுங்க."

வாசலில் லாரி வந்து நின்றது. இராஜாங்கம் சீட்டைக் கிழித்து நீட்டினார். மருதையன் வாங்கிக்கொண்டு மூட்டை இறக்கப் போனார்.