நான் கூப்பிடாத பதினேழு வீடுகள்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை காலை. மாங்குளத்திலிருந்து உள்ளே போனால் வரும் ஒரு கிராமத்தின் பொதுநோக்கு மண்டபம். அன்று வந்த கோபம் இன்னும் எனக்கு ஆறவில்லை.

நான் கால்நடை அலுவலகத்தில் வேலை செய்கிறேன். மாடுகளுக்குத் தடுப்பூசி போடுவேன், கன்றுகளின் காதில் இலக்கத் தகடு பூட்டுவேன். அப்போதே எட்டு வருடங்களாக ஸ்கூட்டியில் சுற்றியதில், எந்த வீட்டுப் பசு உதைக்கும் என்பதுகூட எனக்குத் தெரியும். இங்குள்ள பலரையும்போல நானும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய, பயிர் செய்யும் கமக்காரக் குடும்பத்தவள். அதனால் சனம் என்னைத் தங்கள் வீட்டுப் பிள்ளையாகவே நடத்தும்.

பால் சேகரிக்கும் வாகனம் ஏ9 வீதியோடு நின்றுவிடும். உள்ளே இருப்பவர்கள் பால் கானைச் சைக்கிளில் கட்டி உழக்கி வருவதற்குள் பால் பழுதாகிவிடும். ஒரு சங்கம் அமைத்து, தினமும் போதுமான பால் கிடைக்கும் என்று காட்டினால் வாகனம் உள்ளே வரும் என்று பால் நிறுவனத்தார் சொன்னார்கள். எனக்கு அது பெரிய வேலையாகவே தெரியவில்லை. போனில் இருந்த மாட்டுக்காரர் எல்லோரையும் அழைத்தேன். "நீர் கேட்டு வராமல் விடுவமோ பிள்ளை?" என்றார்கள். நாற்பது பேர் வந்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கூட்டம் தொடங்கிச் சிறிது நேரத்தில் நான் மாட்டுக்கு ஊசி போடப் போகும் வீடொன்றின் அக்கா, ஐம்பது வயதிருக்கும், வாசலில் வந்து நின்றார். குளக்கட்டுக்கு அப்பால் பதினேழு வீடுகள் இருக்கின்றன. இனக் கலவரங்களுக்குப் பயந்து மலையகத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்து, காடு வெட்டிக் குடியேறியவர்களின் வீடுகள். அங்கிருந்து தனியாக நடந்து வந்திருந்தார்.

முன்வரிசைக் கதிரையில் இருந்த பெரியவர் திரும்பிப் பார்த்தார். அவர்தான் சங்கத் தலைவராக வருவார் என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"உங்களை ஆர் கூப்பிட்டது?"

"யாரும் கூப்பிடலைங்க. சங்கம் வைக்கிறதா சொன்னாங்க. எங்ககிட்டயும் மாடு இருக்கு."

"இது எங்கட ஆக்கள் செய்யிற காரியம். வேணுமெண்டா உங்கட பக்கம் ஒண்டைத் தொடங்குங்கோ."

சொல்லிவிட்டுப் பக்கத்தில் இருந்தவரிடம் மலையக மக்களைக் குறித்து ஒரு சொல் சொன்னார். அதை இங்கே எழுத மாட்டேன். நாலைந்து பேர் சிரித்தார்கள்.

அக்கா தலை குனியவில்லை. "கடைசிச் சண்டையில பங்கருக்குள்ள ஒண்ணா கெடந்தப்ப, யாரு யாரோட ஆளுன்னு யாரும் கேக்கலையே ஐயா" என்றார். அவர் திரும்பி நடந்துவிட்டார்.

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "ஐயா, போய் அவாவைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. இல்லாட்டி இந்தக் கூட்டம் நடக்காது" என்று கத்தினேன்.

"பிள்ளை, உமக்கு இதுகள் விளங்காது. இரும்" என்றார், சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல. ஒருவர்கூட எனக்காக வாய் திறக்கவில்லை. நான் பெயர் எழுதிய கொப்பியை மூடி மேசையில் அடித்துவிட்டு வெளியே ஓடினேன்.

குளக்கட்டில்தான் அக்காவைப் பிடிக்க முடிந்தது.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா. அந்தாளை நான் சும்மா விடமாட்டன்."

அக்கா நின்றார். அவருடைய கண்களிலும் கோபம் இருந்தது. ஆனால் அது பெரியவர் மீது அல்ல.

"அவரு அப்படித்தான் மிஸ். அது எங்களுக்குப் பழகிருச்சு. நீங்க ஏன் கூப்பிடல?"

"உங்கட நம்பர் என்னட்ட இல்லை அக்கா."

"எட்டு வருசமா எங்க மாட்டுக்கு ஊசி போடுறீங்க. ஒரு தடவ கேட்டிருக்கீங்களா?"

கேட்டதில்லை. மற்ற வீடுகளில் அடுப்படிக் குசினி வரை போய்த் தேத்தண்ணி குடித்த நான், அங்கே மாட்டடியோடு வேலையை முடித்துத் திரும்பிவிடுவேன். அக்கா தேத்தண்ணி தரும்போதெல்லாம் "இப்பதான் குடிச்சனான்" என்று சொல்லியிருக்கிறேன். அதிலே பாதி பொய். பெரியவர் வாய்விட்டுச் சொன்னதைத்தான் நான் எட்டு வருடமாகச் சிரித்த முகத்தோடு செய்துகொண்டிருந்தேன். அக்கா போன பிறகு குளக்கட்டில் தனியே நின்று என்னையே வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

மறுநாளிலிருந்து அந்தப் பதினேழு வீடுகளுக்கும் போனேன். ஒரு வீட்டில் வாசல் படலையைத் திறக்கவே இல்லை. மூன்றாம் முறை போனபோதுதான் அக்கா மனமிறங்கினார். "கூட்டத்த எங்க பக்கம் வைங்க. வர்றவங்க வரட்டும்" என்றார்.

அவர்களின் முன்பள்ளியில் கூட்டம் வைத்தேன். பழைய நாற்பது பேரில் இருபத்தாறு பேர் வந்தார்கள். முதல் கூட்டத்தில் சிரித்தவர்களில் ஒருவர் கதவடியில் நின்று, "அண்டைக்குச் சிரிச்சது பிழைதான் தங்கச்சி" என்று அக்காவிடம் சொன்னார். அக்கா ஒரு கதிரையை அவர் பக்கம் தள்ளிவிட்டார். பெரியவரோ நான் ஊரைப் பிரிக்கிறேன் என்று அலுவலகத்துக்கு முறைப்பாடு செய்தார். எழுத்தில் விளக்கம் கேட்டார்கள். நடந்ததை, அந்தச் சொல் உட்பட, ஒன்றும் விடாமல் எழுதிக் கொடுத்தேன்.

அந்தப் பதினேழு வீட்டுப் பாலும் சேராமல் வாகனம் உள்ளே வந்திருக்காது. இன்று அது குளக்கட்டைத் தாண்டிப் போகிறது. அக்காதான் சங்கத்தின் செயலாளர். பெரியவரும் அதே வாகனத்துக்குத்தான் பால் ஊற்றுகிறார். ஆனால் ஒரு கூட்டத்துக்கும் வந்ததில்லை.

அவர் மேல் எனக்கு இன்னும் கோபம்தான். ஆனால் ஊரையே தெரியும் என்று மார்தட்டித் திரிந்த என் மேல் அன்று வந்த கோபம் அதைவிடப் பெரியது. அந்தக் கோபம் ஆறிவிட்டால் நான் பழையபடி ஆகிவிடுவேனோ என்றுதான் பயமாக இருக்கிறது.